அம்மாள் எழுந்திருக்கும் நேரம்

பம்ப் ஹவுஸ் மோட்டார் எரிந்துபோன கோடையிலிருந்து ஊருக்குத் தண்ணீரை ஏற்றியது பம்ப்புக்கார அம்மாளின் இதயம். அன்றைக்குக் குழாயில் உள்ளங்கையை வைத்து, "போய்த் தொலையேன், ஜனம் காத்துக்கிட்டிருக்கு" என்று அவர் திட்டினார், தண்ணீர் போனது. பிறகு புது மோட்டார் வாங்கிப் பூட்டினார்கள். சத்தம் வந்தது, தண்ணீர் வரவில்லை. அதைக் கழற்றி விற்றுவிட்டு அம்மாளின் நாற்காலிக்கு மெத்தை தைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் கை வைக்கக்கூடத் தேவைப்படவில்லை. அவர் நாடி எப்படியோ, ஊர்க் குழாய் அப்படி. கடைத்தெருவில் தீப்பிடித்தபோது பம்ப் ஹவுஸைச் சுற்றி ஓடினார், தண்ணீர் கூரைக்கு மேல் பாய்ந்தது. உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் எல்லாம் பழையபடி அடங்கியது. பக்கத்து ஊர்களில் இரண்டாவது மாடியோடு தண்ணீர் நின்றுவிடும். இங்கே நாலாவது மாடிக் குழாய் ஒருநாளும் காய்ந்ததில்லை. அம்மாளுக்கு அதில் இருந்த கர்வம் ஊருக்கும் இருந்தது.

வயது அறுபதைத் தாண்டியதும் குழாய்கள் மாறின. தண்ணீர் வெட்டி வெட்டி அடித்தது, அடிக்கும் அடிக்கும் நடுவில் நூலாய் இளைத்தது. சில சமயம் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு அடுத்ததைப் பலமாகக் கொடுத்தது. அம்மாள் வெடுக்கென்று எழுந்தால் மேல்மாடிகளில் தண்ணீர் நின்றுபோய், யோசித்துவிட்டு வந்தது. நர்ஸாக இருந்த மகள் அம்மாளின் கையில் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்தாள். "மேல் நம்பர் ஏறுது, கீழ் நம்பர் இறங்குது. ரத்தக்குழாய் விறைச்சுப்போச்சும்மா. எழுந்தா பிரஷரைப் பிடிச்சு நிறுத்துற வேகமும் குறைஞ்சுடுச்சு. வயசானா வர்றதுதான். மாத்திரை போட்டா இருப்பே, இல்லேன்னா தலைக்குள்ள ஏதாவது வெடிக்கும்."

"போட்டா நாலாவது மாடிக்கு யாரு ஏத்துவா? நீயா?" என்றார் அம்மாள். மகள் தலை மறைந்ததும் மாத்திரையை ஜன்னலோரச் செடித்தொட்டியில் துப்பினார். அந்தச் செடி சாந்தமாக வளர்ந்தது, காற்றுக்கும் ஆடவில்லை.

மாத்திரை விஷயம் மாடிகளுக்கு எட்டியது. மேல்மாடிக்காரர்கள் பயந்துபோனார்கள். அம்மாளுக்குச் சாப்பாடு கொண்டுபோவது அவர்கள் வழக்கம். உப்பு பிரஷரை ஏற்றும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருத்தியும், தான் மட்டும்தான் செய்வதாக நினைத்து, அம்மாள் பங்கில் ஒரு சிட்டிகை கூடப் போட்டாள். அந்த வாரம் நாலாவது மாடிக் குழாய்கள் சீறின. வாரக்கடைசியில் தரைத்தளத்து முடிதிருத்தும் கடையில் குழாய் வெடித்தது, சோப்பு நுரையோடு ஒருவர் தெருவுக்கு ஓடினார். அதே நேரத்தில் பம்ப் ஹவுஸில் அம்மாள் மூக்கில் ரத்தம் வழியச் சாய்ந்து கிடந்தார்.

கண் விழித்ததும், "மேல தண்ணி வருதா?" என்றுதான் கேட்டார். மகள் அழுதாள்.

அப்போது வாசலில் பக்கெட் வைக்கும் சத்தம் கேட்டது. நாலாவது மாடி நாத்தனார். முட்டிவலியால் வருஷக்கணக்கில் படியிறங்காதவர்.

"அண்ணி, நான் இறங்கிட்டேன். இனிமே எனக்காக ஏத்துறேன்னு சாக்குச் சொல்லாதீங்க. என் கண்ணு முன்னால மாத்திரையை முழுங்குங்க. உப்பு போட்ட பாவிகள்ல நானும் ஒருத்தி."

"உன் கைப்பக்குவம்னு நெனச்சேன்," என்றார் அம்மாள். "எப்பவும் உப்பு ஜாஸ்திதானே."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "வாயைத் தொறங்க அண்ணி."

அம்மாள் முழுங்கினார். நாத்தனார் நாக்கைத் தூக்கச் சொல்லியும் பார்த்தார்.

அன்றிலிருந்து தண்ணீர் இரண்டாவது மாடி வரைதான் தானாக ஏறுகிறது. அதற்கு மேல் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றி ஏற்றுகிறார்கள். நாலாவது மாடி இன்றுவரை காயவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் கிண்டல் செய்தால், "எங்க அம்மா மாத்திரை சாப்பிடுறாங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். எழுவதற்கு முன் அம்மாள் ஸ்பானரால் குழாயைத் தட்டுவார். அவர் எழும்போது பிரஷர் விழாமலிருக்க ஊரே குழாய்களை மூடும். அவர் முதலில் காலைத் தொங்கப்போடுவார், பிறகு கொஞ்சம் உட்காருவார், பிறகு எழுவார். ஒருநாள் பாதி முகம் மழித்திருந்த வெளியூர்க்காரர், குழாய் ரிப்பேரா என்று கேட்டார். முடிதிருத்துபவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ரிப்பேர் இல்ல சார். அம்மா எழுந்திரிக்கிறாங்க."

வெளியூர்க்காரரும் காத்திருந்தார்.