தையல்காரர் தேடிய வாக்கு

இதய ஆபரேஷனுக்குக் கிளம்பும்வரை தையல்காரர் வார்டையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். "கிழிக்கிறது சரி, தையல் நேரா வருமா சிஸ்டர்? இல்லேன்னா நூலைக் கொடுங்க, நானே போட்டுக்கறேன்." ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் கேலி நின்றுவிட்டது. நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வேதத்துலேருந்து ஒரு வாக்கு சொல்லும்மா. மக இன்னும் வந்து சேரல. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல."

அவள் வேறு மதம். அவருடைய வேதத்தைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. தியேட்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவசரப்படுத்தினார்கள். அவள் வாயில் வந்தது தன் வேதத்தின் வாக்குதான். "நீ பயந்து நிற்கும் இடத்துக்கு உனக்கு முன்பே வந்துவிட்டேன்."

"அதேதான்," என்றார். பிடி தளர்ந்தது.

பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மகள் கொண்டுவந்த வேதத்தைப் புரட்ட ஆரம்பித்தார். "அது எந்த அத்தியாயம் சிஸ்டர்?" அவள் மழுப்பிவிட்டு நழுவினாள். பிரஷர் பார்க்கப் போனாலும் மாத்திரை கொடுக்கப் போனாலும் பக்கம் புரளும் சத்தம்.

வீட்டில் மாமியாரிடம் சொன்னாள்.

"நம்ம வேதத்தை அவருக்கு எதுக்குச் சொன்னே? அவங்க கடவுள் அவங்களுக்கு."

"அவருக்குப் பயம் தெளிஞ்சுதே அத்தை. அவர் நம்ம ஆள் இல்லேன்னா, நம்ம கடவுள் ஏன் அவரைத் தேத்தணும்?"

"அதிகப்பிரசங்கித்தனமா பேசாதே."

ஐந்தாம் நாள் அவளால் தாங்க முடியவில்லை. "அய்யா, அது உங்க வேதத்துல இருக்காது. எங்களோடது. ஏமாத்தணும்னு சொல்லல."

அவர் முகம் சுருங்கியது. புத்தகத்தை மூடினார். "நீ போம்மா." அன்று முதல் ஊசி போட வேறு நர்ஸைத்தான் கேட்டார்.

வீட்டுக்குப் போகும் நாளில் அவரே கூப்பிட்டனுப்பினார். மகள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அது பொய்யின்னு நினைச்சுப் பாத்தேன். முடியல. சொன்னது நீதான். ஆனா எனக்குக் கேட்டது சின்ன வயசுலேருந்து நான் கூப்பிடறவர் குரல். எனக்குத் தெரியாதா?"

"அப்பா, நம்ம வேதத்துல இல்லாததைப் போய்..." என்றாள் மகள்.

"நம்ம வேதத்துல ஒரு எழுத்தைக்கூட நான் விடல. அவர் இவங்க வீட்லயும் பேசியிருக்கார். அது தெரியாம இருந்துட்டேன்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் ஒத்துக்க மாட்டாங்கய்யா," என்றாள் நர்ஸ்.

"நீ ஒத்துக்கறியா?"

"தெரியலைங்கய்யா. அப்படித்தான்னா, இதுவரைக்கும் எத்தனை பேரைத் தப்பா நினைச்சிருக்கேனோன்னு பயமா இருக்கு."

"எனக்கும் அந்தப் பயம்தான்," என்றார். சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் வந்துவிட்டான்.

அன்று மாலை பிரார்த்தனைக்கு நின்றவளால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

"அத்தை, அந்தத் தையல்காரருக்காகக் கடவுள்கிட்ட வேண்டிக்கலாமா?"

"எந்தக் கடவுள்கிட்ட?" என்று வெடுக்கென்று கேட்டார் மாமியார். கேட்டபின், தன் கேள்வியே தன்னை இடறியதுபோல் ஒரு கணம் விழித்தார். பிறகு, "வேண்டிக்கோ," என்றார் மெதுவாக.