கண்ணுசாமி காய்ந்த கோடை

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே முந்திரிக்கொல்லை வைத்திருந்த கண்ணுசாமி, 1938ஆம் வருடம் சித்திரையில் காய்ந்துபோனார். நோய்நொடி ஒன்றுமில்லை. தாகம் என்றார், குடத்தில் தண்ணீர் இல்லை. விடிந்து பார்த்தால் கைகாலை மடக்கிக்கொண்டு, நெல் புடைக்கும் ஒரு சுளகில் அடங்கும் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தார். மூச்சில்லை, நாற்றமும் இல்லை. அண்ணன் ராக்கன் விறகு வெட்ட ஆளனுப்பினார்.

மனைவி காத்தாயி மட்டும் அழவில்லை. போன மழைக்காலத்தில் சயன்ஸ் வாத்தியார் முத்துராமன் இவர்கள் வீட்டுக் கிணற்றுப் பாசியைப் பிழிந்து மைக்ராஸ்கோப்பில் காட்டியிருந்தார். எட்டுக்கால் வைத்த குட்டி உயிர் ஒன்று, நீர் வற்றியதும் சுருண்டு தூசியானது. ஒரு சொட்டு விட்டதும் எழுந்து நடந்தது. எந்த வெயிலும் எந்தப் பனியும் அதை ஒன்றும் செய்யாது என்றார் வாத்தியார். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கண்ணுசாமி பிறந்ததிலிருந்து குடித்தார், கல்யாணமான நாளிலிருந்து காத்தாயியும்.

"அவரு சாகலைங்க மாமா, காஞ்சிருக்காரு. ஒரு வண்டித் தண்ணி குடுங்க, ஊறுனா எந்திரிச்சிருவாரு" என்று ராக்கனிடம் கெஞ்சினாள். மாட்டுக்கே தண்ணீர் இல்லை என்றார் அவர். பாடைக்கு நாலு பேர் வேண்டுமா, ஒரு ஆள் போதுமா என்று பங்காளிகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் காத்தாயி வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சரி, எடுத்துருங்க. ஆனா குளிப்பாட்டாமக் கொண்டுபோனா ஊரு ஒங்களைத்தான் பேசும்."

ராக்கனுக்கு ஊர்ப்பேச்சு என்றால் நடுக்கம். உச்சிப்பொழுதுக்குள் பீப்பாய் நிறையத் தண்ணீர் வந்து இறங்கியது. பங்காளிகள் முறைப்படி ஊற்றினார்கள். முதல் குடத்தில் கால் நீண்டது, அடுத்ததில் தொப்பை வந்தது. கண்ணுசாமி எழுந்து உட்கார்ந்து, "என்னண்ணே, எல்லாரும் இங்கிட்டு வந்திருக்கீங்க?" என்றார். வெட்டிய விறகில் அன்று எல்லோருக்கும் சோறு பொங்கினார்கள்.

அதன்பிறகு வருடாவருடம் சித்திரையில் அவர் காய்வார். காத்தாயி அவரைத் துணியில் சுற்றி உறியில் வைத்துவிட்டு, கொல்லை வேலையைத் தனியாளாகப் பார்ப்பாள். முதல் மழைக்கு முற்றத்தில் இறக்கிப் போடுவாள். 1946இல் முந்திரி பழுத்துக் கொட்டியபோது, "இந்த வருசம் நான் காயுறேன், நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். காலையில் சுளகளவுக்குச் சுருங்கிக் கிடந்தாள்.

கண்ணுசாமியால் இரண்டு நாள்தான் தாங்க முடிந்தது. அண்ணனிடம் ஒரு வண்டித் தண்ணீர் வாங்கிவந்து ஊற்றினார். காத்தாயி ஒற்றைக் கண்ணைத் திறந்து, "மழை வந்துருச்சா?" என்றாள்.

"இல்ல, கஞ்சி காய்ச்ச ஆளில்லை" என்றார்.

அவள் திரும்பிப் படுத்து மறுபடி காய்ந்தாள்.