கை நனைக்காமல் போனவர்

கருப்பண்ணனிடம் யாராவது ஒரு பொருளைச் சும்மா தருகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குத் தூக்கம் கிடையாது. பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தையில் புளி வியாபாரி டீ வாங்கிக் கொடுத்தால், டீயை வஞ்சனையில்லாமல் குடித்துவிட்டுத் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பார். பஸ்ஸில் கண்டக்டர் சிரித்தால் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இவர் இருக்கிறவரைக்கும் நம்மை எவனும் ஏமாற்ற முடியாது என்று சித்தேரி மலையில் அவர் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்திய காசியம்மாளைக் கேட்டால் வேறு கதை சொல்வாள்.

அப்படிப்பட்ட ஆள் வீட்டு வாசலில், எண்பத்தாறாம் வருஷம் ஜூலை மாதம், சாமை விதைத்து முடித்திருந்த நேரத்தில், ஒரு காலேஜ் வாத்தியார் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக வந்து நின்றார். வேறு வினையே வேண்டாம்.

"செல்லியோட அப்பாங்களா? என் பேரு இன்னாசிராஜ். தர்மபுரி ரோட்டுல காலேஜுல சரித்திரம் சொல்லிக் குடுக்கறேன். உங்க பொண்ணோட மார்க்க எட்மாஸ்டர் சொன்னாருங்க. எங்ககிட்ட சேத்து வுடுங்க. பீஸ் கிடையாது. மலைப் புள்ளைங்களுக்குக் கவர்மெண்டு உதவித்தொகை இருக்குது. ஹாஸ்டல் சாப்பாடும் அதுலயே நடந்துரும்."

கருப்பண்ணன் பழத்தைப் பார்த்தார். நல்ல பழம். ஒரு அடிபட்ட பழம்கூட இல்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"கவர்மெண்டு ஏனுங்க எம் புள்ளைக்குச் சோறு போடணும்?"

"படிக்கட்டும்னுதானுங்க."

"சரி, கவர்மெண்டு போடட்டும். நீங்க எதுக்கு இந்த வெயில்ல மலை ஏறி வந்தீங்க? காலேஜு வாசல்ல நாங்கதானே கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்?"

வாத்தியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பெல்லாம் நாங்களும் தேடி வர்றோமுங்க" என்றார். சொன்னவர் கருப்பண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை, எதிரே இருந்த பலாமரத்தைப் பார்த்துச் சொன்னார். கருப்பண்ணன் அதைக் குறித்து வைத்துக்கொண்டார்.

செல்லி கதவு ஓரம் நின்றிருந்தாள். பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளி ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ முடித்த பெண். அந்த மலையில் அவ்வளவு தூரம் படித்த பெண்பிள்ளை அவள்தான். மேலே படிக்க வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டுப் பயனில்லை என்று தெரியும். அறுப்பு முடிந்ததும் அத்தை மகனுக்குக் கட்டிவைப்பதாகப் பேச்சு இருந்தது. இப்போது அவள் கண் வாத்தியார் முகத்தை விட்டு நகரவில்லை.

உள்ளே காசியம்மாள் அதற்குள் சேவலைப் பிடித்து அறுத்துவிட்டாள். குழம்பு கொதித்து வாசனை தெரு வரைக்கும் போயிற்று. இலை போட்டாயிற்று. அப்போதுதான் வாத்தியார் அவர்கள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"மன்னிக்கணுமுங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நாங்க கவிச்சி தொட மாட்டோம்."

"நீங்க வேதக்காரங்கதானுங்களே? உங்களுக்கு ஞாயித்துக்கெழமதானே கோயிலு?" என்றார் கருப்பண்ணன்.

"கோயில் ஞாயித்துக்கெழமைங்க. வெள்ளிக்கிழமை கறி கிடையாது."

களியும் கீரையுமாவது சாப்பிடுங்கள் என்று காசியம்மாள் கெஞ்சினாள். அதற்குள் மேலே போன பஸ் திரும்பி ஹாரன் அடித்தது. அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாளுங்க. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கூட்டிக்கிட்டு வந்துருங்க. தாண்டுனா இந்த வருஷம் இல்ல" என்று சொல்லிவிட்டு வாத்தியார் ஓட்டமாக ஓடினார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வருகிறவர்கள் பேச்சு முடிகிற வரைக்கும் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். எல்லாம் ஒத்துப்போனால்தான் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். கை நனைத்தால் பேச்சு முடிந்தது, இனி மாற்றமில்லை. நனைக்காமல் எழுந்து போனால் மனசில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கருப்பண்ணனுக்கு இந்தச் சட்டம் கல்யாணத்துக்கு மட்டுமில்லை. மாடு வாங்க வருகிறவன், புளி பேச வருகிறவன் எல்லாருக்கும் இதுதான்.

"பாத்தியா? வெத்தலை பாக்கோட வந்தான், புள்ளயக் கேட்டான், கை நனைக்காமப் போயிட்டான். உள்ள என்னமோ இருக்குது."

"பஸ்ஸு வந்துருச்சு, போனாரு. அதுக்கு ஏனுங்க இப்படி?" என்றாள் காசியம்மாள்.

"உனக்கென்ன தெரியும்? கோழி போச்சே" என்றார் கருப்பண்ணன். கோழியை மொத்தமும் தின்றது அவர்தான்.

ஒரு வாரம் மனுஷன் வேலை செய்யவில்லை. களை பறிக்கப் போனவர் வரப்பில் உட்கார்ந்து யோசித்தார். பெண்ணை எங்கேயாவது மில்லுக்கு விற்றுவிடுவார்களோ? வேதத்தில் சேர்க்கத்தான் இப்படி நைசாக வருகிறார்களோ? சேர்க்கிற எண்ணம் இருந்தால் கோழியைச் சாப்பிட்டு மனசைப் பிடித்திருக்க மாட்டானா? அப்படியென்றால் இது அதைவிடப் பெரிய சங்கதி. யோசிக்க யோசிக்க வாத்தியாருக்குக் கொம்பு முளைத்துக்கொண்டே போனது.

வியாழக்கிழமை காலையில் இரண்டு பாட்டில் தேனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கேட்டால் தேன் விற்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

காலேஜ் நிஜமாகவே இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, வாட்ச்மேன் பச்சியப்பனுக்கு ஒரு டீ சொல்லி, மெதுவாகத் தூண்டில் போட்டார்.

"கூட்டத்தக் காணோமே, லீவுங்களா?"

"லீவாவது! ஆளு ஏது?" என்றார் பச்சியப்பன். "முன்ன எல்லாம் டவுன் பசங்க இந்தக் கேட்ட ஒடைப்பானுங்க. இப்ப இஞ்சினியரிங்கு காலேஜு புதுசு புதுசாத் தொறக்கறாங்க. காசிருக்கறவன் அங்க போறான். இல்லாதவன் பாலிடெக்னிக்குப் படிச்சிட்டு ஓசூரு கம்பெனிக்குப் போறான். சரித்திரம் யாருக்கு வேணும்? இந்த வருஷம் ஆளு சேரலேன்னா அந்த வகுப்பையே மூடிருவாங்க. மூடுனா இன்னாசிராஜ் சாரு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். அதான் பாவம், அந்த மனுசன் பென்னாகரம், சித்தேரின்னு காட்டுக்கும் மலைக்கும் அலையறாரு, புள்ளைங்களப் புடிக்க. உதவித்தொகை இருக்கறதுனால மலைப் புள்ளைங்க வருதுங்க."

கருப்பண்ணன் தேன் விற்க மறந்து எழுந்தார். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நடந்து ஒரு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். நீளமான அறை. பெஞ்சு நிறைய இருந்தது, உட்கார ஆள் இல்லை. இன்னாசிராஜ் மட்டும் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க எழுத்து ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதையல் எடுத்தவன் தோற்றான்.

"சொன்னனா இல்லியா? கண்டுபுடிச்சிட்டேன்! செல்லி படிக்கணும்னு அந்த ஆளுக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல. வகுப்புல தலை எண்ணறதுக்கு ஆளு வேணும். அவன் வேலைய நம்ம புள்ளய வெச்சுக் காப்பாத்திக்கப் பாக்கறான். ஒண்ணும் போவ வேண்டாம். அறுப்பு முடியட்டும், கல்யாணத்தப் பேசி முடிச்சிருவோம்."

காசியம்மாள் களியை உருட்டித் தட்டில் வைத்துச் செல்லி முன்னே தள்ளினாள். செல்லி தட்டைப் பார்த்தபடி கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்புடு ஆத்தா" என்றார் கருப்பண்ணன்.

"வேணாம்ப்பா."

"ஏன், ஒடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்குது. கை நனைக்க மாட்டேன். இன்னும் பேச்சு முடியல."

சொந்த வீட்டில், பெற்ற அப்பன் முன்னால், சம்பந்தக்காரி மாதிரி உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள்! கருப்பண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தினார். அப்புறம் கெஞ்சினார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அவருக்கு ஆளு வேணும்னா அது அவரு பாடு. எனக்குப் படிக்கணும்ப்பா. அவரு வேலை நெலச்சா எனக்கு என்ன நட்டம்?"

கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

விடிந்ததும் வந்து, "பொறப்படு" என்றார். "சேக்கப் போறேன்னு நெனைக்காத. அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேக்கப் போறேன். நீயும் பக்கத்துல நின்னு கேட்டுக்க."

"சரிப்பா" என்ற செல்லி, தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டாள். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். காசியம்மாள் சாப்பாடு கட்டிய பெரிய தூக்குப் போசியை நீட்டினாள்.

"யாருக்கு இவ்வளவு?"

"போற வழியில பசிக்குமுங்க" என்றாள் அவள். கருப்பண்ணன் பெண்டாட்டியையும் ஒரு பார்வை பார்த்தார்.

காலேஜில் இன்னாசிராஜ் அவர்களைக் கண்டதும் ஓடிவந்தார். கருப்பண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

"நில்லுங்க சார். எம் புள்ள படிக்கணும்னா மலை ஏறி வந்தீங்க? உங்க வேலை போயிரும்னு வந்தீங்க. ஆமாவா, இல்லியா?"

வாத்தியார் முகம் சுருங்கிவிட்டது. இந்த முறை பார்க்கப் பலாமரம் இல்லை.

"ஆமாங்க" என்றார். "வூட்டுல மூணு புள்ளைங்க. வகுப்ப மூடிட்டா எனக்கு வேற போக்கு இல்ல." அவரே மேலே சொன்னார், "இன்னொண்ணும் இருக்குதுங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொன்னா அனுப்ப மாட்டீங்கன்னு பயந்து வுட்டுட்டேன். உதவித்தொகை கண்டிப்பா வரும், ஆனா சேந்த ஒடனே வராது. தீவாளி தாண்டிரும், பொங்கலும் ஆவும். அதுவரைக்கும் மெஸ்ஸுல கேட்டுக்கிட்டே இருப்பாங்க. போன வருஷம் மலையிலருந்து வந்த ரெண்டு பசங்க வெக்கப்பட்டுக்கிட்டு ராவோட ராவா வூட்டுக்கே போயிட்டானுங்க. அன்னைக்கு உங்க வூட்டுல பஸ்ஸு வந்தது நெசந்தான். இத மறைச்சு வெச்சுக்கிட்டு உங்க சோத்துல கை வெக்கவும் எனக்கு மனசு வரலைங்க."

செல்லி பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இனி அப்பா கிளம்பு என்று சொல்லிவிடுவார் என்றே அவள் நினைத்தாள்.

கருப்பண்ணனுக்கு வந்தது கோபம் இல்லை. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கின மாதிரி அப்பாடா என்று இருந்தது. சும்மா கொடுக்கிறவனைக் கண்டால்தான் அவருக்குப் பயம். தேவைக்காக அலைகிறவனை அவருக்கு நன்றாகத் தெரியும். மழைக்கு முன்னால் விதைக்கு அலையும்போது அவர் முகமும் இப்படித்தான் இருக்கும்.

"இவ்வளவுதானா? இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருந்தா எங்கோழியாவது பொழச்சிருக்கும்" என்றார். "உங்க மெஸ்ஸுல சாமை எடுத்துக்குவாங்களா? புளி?"

"புளி தெனமும் வேணுமேங்க!"

"பணம் வர்ற வரைக்கும் எம் புள்ள சாப்பாட்டுக்குப் புளியும் தேனும் சாமையும் நான் எறக்கறேன். மத்த மலைப் புள்ளைங்க வூட்டுலயும் சொல்லி வுடறேன். ராவோட ராவா ஒருத்தரும் ஓட வேண்டாம். சமையக்காரரக் கூப்புடுங்க, என் முன்னால பேசுங்க. அப்பறம் பேசிக்கலாங்கற கதை எங்கிட்ட ஆவாது."

சமையல்காரர் வந்தார், புளியை முகர்ந்து பார்க்காமலேயே சம்மதித்தார். அதிலும் கருப்பண்ணனுக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் வந்தது. போகட்டும் என்று விட்டார். செல்லி ஆபீஸ் அறைக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள்.

வேப்பமரத்தடியில் போசியைத் திறந்தார்கள். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் இருந்தன.

"இன்னைக்கும் வெள்ளிக்கிழமைதான்னு எங்க வூட்டுல ஞாபகம் வெச்சிருக்கறா சார். கவிச்சி இல்ல. உக்காருங்க."

இன்னாசிராஜ் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் கவளம் அவர் தொண்டையில் இறங்குகிற வரைக்கும் கருப்பண்ணன் கண் கொட்டாமல் பார்த்தார். இறங்கியது. அப்புறம்தான் மகள் பக்கம் திரும்பினார்.

"நீயும் கைய நனை, ஆத்தா."

முதல் நாளிலிருந்து பட்டினி கிடந்த பெண் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். சாப்பிடும்போதே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. குழம்பு காரம் என்று சொன்னாள்.

கருப்பண்ணன் தனியாகத் திரும்பினார். பஸ்ஸில் கண்டக்டர் சிரித்தார், அவர் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. வீட்டில் செல்லியின் பாய் சுருட்டியபடி மூலையில் நின்றது. காசியம்மாள் தட்டை வைத்தாள். அவர் உட்கார்ந்தார், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கை எழவில்லை.

"என்னங்க, இன்னும் பேச்சு முடியலையா?" என்று காசியம்மாள் கேலியாகத்தான் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு, காசி" என்றார். "அதான்."