நூற்றுமுப்பத்திரண்டாம் பக்கத்தின் ஆதாரம்

"புக்குல என் பேர் வரணும் சார்."

கேட்டேவிட்டாள் சங்கமித்ரா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பக்கம் வடிவமைக்கிற மகா டீயைக் கையில் கொடுத்து ஒரே ஒரு புத்திமதிதான் சொல்லியிருந்தாள். "லீவு கேளு, அட்வான்ஸ் கேளு, ஃபேன் சரியில்லன்னு கத்து. பேரை மட்டும் கேக்காத மித்ரா. உனக்கு முன்னாடி இருந்தவ கேட்டா. அவ சீட்லதான் நீ ஒக்காந்திருக்க."

பதிப்பாளர் ஸ்ரீகண்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெங்களூரு ஜயநகரில் சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டி வரும் அம்மாக்களுக்கும் ரோமப் பேரரசைப் பற்றி அவர் பேசிய பதினோரு பேச்சும்தான் இப்போது புத்தகமாகிறது. பதினொன்றையும் எழுதியவள் அவள். ஆற்றங்கரைக் குடிசைகள் உலகத்தையே கட்டி ஆண்டது, போட்ட சாலை, கட்டிய கால்வாய், கஜானா காலியாகக் காலியாக நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் செம்புக்கு வெள்ளிப் பூச்சு பூசியது, எல்லாம் இவள் எழுத்து. அட்டையில் அவர் பேர்.

"பேஷா போடலாமே," என்றார் ஸ்ரீகண்டன்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்குப் போனவளை உட்கார வைத்து மோர் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"ஒக்காரும்மா. ஒரு சின்ன விஷயம்." அச்சுப்படியில் ஒரு பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். "வைத்தீஸ்வரன் பாத்து அனுப்பிச்சிருக்கார். ரிட்டையர்டு புரொபசர், சும்மா விடமாட்டார். இங்க மட்டும் பென்சில் போட்டிருக்கார் பாரு."

பக்கம் நூற்றுமுப்பத்திரண்டு. ஓரத்தில் மெல்லிய எழுத்தில் ஒரே சொல்: ஆதாரம்?

எந்த இடம் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பெயினில் ரோமானியர்கள் தண்ணீரைப் பாய்ச்சி மலையையே சரித்துத் தங்கம் எடுத்ததற்குப் புத்தகங்களில் ஆதாரம் இருக்கிறது. அதன் பிறகு வரும் பத்திக்குத்தான் இல்லை. வேலை முடிந்து குழியிலிருந்து ஏறி வரும் அடிமைகளை வரிசையில் நிறுத்துகிறார்கள். தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லி விரல் விட்டுப் பார்க்கிறார்கள். கையை விரித்து, காலை அகட்டி, முட்டி போட்டு எழச் சொல்கிறார்கள். கடைசியில் ஒவ்வொருவனும் தன் சோற்றுப் பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து மூன்று முறை தட்டிக் காட்ட வேண்டும்.

அது ரோமில் நடந்ததா என்று அவளுக்குத் தெரியாது. நடந்தது கோலார் தங்கவயலில். வாயைத் திறந்து நின்றவர் அவள் அப்பா பக்தவச்சலம்.

அவள் பிறந்த மறு வருடம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்பா இப்போது ஈஜிபுராவில் ஒற்றை அறையில் அவளோடு இருந்துகொண்டு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி. வெளியே போகிறவர்களின் பையைச் சோதிப்பதுதான் வேலை. சோதிக்கமாட்டார். "போ நைனா, போ" என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டு இரண்டு முறை மெமோ வாங்கியிருக்கிறார். ஆனால் இன்றைக்கும் டிபன் டப்பாவைக் கழுவினால் கவிழ்த்து மூன்று தட்டு தட்டாமல் வைக்க வராது அவருக்கு. பன்னிரண்டு வயதில், "ஏம்ப்பா தட்டுற?" என்று கேட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லி முடித்து, "யார்கிட்டயும் சொல்லிக்காத கண்ணு. மானக்கேடு," என்றார்.

ஏழு மாதத்துக்கு முன்னால், "சுரங்கம் வறட்சியா இருக்கும்மா, கொஞ்சம் கலர் வேணும்," என்று ஸ்ரீகண்டன் கேட்டபோது, பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த வாரச் சனிக்கிழமை அந்தப் பத்தியை அவர் படித்ததும் அரங்கம் கப்சிப். முன்வரிசையில் ஒரு அம்மா, "அய்யோ பாவம்," என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கைத்தட்டல். கடைசி வரிசையில் நின்ற சங்கமித்ராவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷம். அதுதான் இப்போது உறுத்தியது. அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள்.

எழுச்சி வீழ்ச்சியெல்லாம் மேலே நின்று பார்க்கிறவன் கணக்கு. குழிக்குள் இருந்தவனுக்கு உண்டானது இறங்குவதும் ஏறுவதும்தான், ஏறினால் வாயைத் திறக்க வேண்டும். இது தெரிந்த ஒரே ஆள் அந்த அரங்கத்தில் அவள்தான். தெரிந்தே விற்றாள்.

"ஒண்ணும் பெரிய விஷயமில்லே," என்றார் ஸ்ரீகண்டன். "அந்தக் காலத்து ரோமன் ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார்னு ஒரு வரி சேர்த்துடு. யார் தோண்டிப் பாக்கப் போறா? உன் பேரும் உள்பக்கத்துல வந்துடும். நாளைக்கு யாராவது கேட்டா நீ பதில் சொல்லிக்கோ."

அதுதானா. கேட்ட பேருக்கு அவர் அதற்குள் பழி சுமக்கிற வேலையும் பார்த்து வைத்திருந்தார்.

"ரோமன் யாரும் எழுதல சார். அது எங்கப்பா."

"என்னது?"

"கேஜிஎஃப்ல எங்கப்பாவ அப்படித்தான் செக் பண்ணாங்க. நான் ரோம்ல கொண்டு போய் வெச்சிட்டேன்."

"அப்பா மைன்ஸ் ஆபீஸ்ல இருந்தார்னுதானே இன்டர்வியூல சொன்னே?"

"பொய் சார். அண்டர்கிரவுண்ட். பதினெட்டு வருஷம் பாறை அள்ளிப் போட்டாரு."

கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவருக்கோ முகமே மலர்ந்துவிட்டது.

"அடடா! இத மொதல்லயே சொல்லப்படாதா? ரோம்லேர்ந்து கோலார் வரைக்கும்! தனியா ஒரு கட்டம் கட்டிப் போடலாமே. வெளியீட்டுக்கு அப்பாவ அழைச்சுண்டு வா. பழைய ஹெல்மெட் வெச்சிருக்காரா? நாலு வார்த்தை பேசட்டும். அந்த டப்பா தட்டறத மேடையில பண்ணிக் காட்டினார்னா கொழந்தேள் எல்லாம்..."

"வாயையும் தெறந்து காட்டணுமா சார்?"

"நான் நல்லதுக்குச் சொல்றேம்மா."

நல்லதுக்குத்தான் சொன்னார். இவரை வைது என்ன ஆகப்போகிறது? இவர் இனிமேல்தான் அப்பாவை மேடையேற்றப் பார்க்கிறார். அவள் எப்போதோ ஏற்றிவிட்டாள். அதுவும் பேரில்லாமல், முகமில்லாமல், கடல் தாண்டி, இரண்டாயிரம் வருடத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி. தன் பேர் இல்லையே என்று கொதித்தவள், அந்தப் பத்தியில் அப்பாவின் பேரை அழித்த கை யாருடையது என்று ஒரு நாளாவது கேட்டுக்கொண்டாளா?

மேசையிலிருந்த பென்சிலை எடுத்தாள். 'ஆதாரம்?' என்பதற்குக் கீழே எழுதினாள்: இல்லை. இங்கே சேராததை நான் சேர்த்துவிட்டேன். பத்தியை நீக்கவும். ப. சங்கமித்ரா.

ஃபோனை எடுத்துப் பக்கத்தைப் படம் பிடித்து, வைத்தீஸ்வரனுக்கு அனுப்பினாள். ஸ்ரீகண்டன் எட்டிப் பார்ப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

"என்ன பண்றே நீ? பேர் வேணும்னு இப்பதானே கேட்டே?"

"போட்டுட்டேன் சார்."

அறைக்கு வெளியே மகா எல்லாம் கேட்டிருந்தாள் போல. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "லூசு," என்றாள் மெதுவாக. பிறகு குனிந்து, மேசைக்கு அடியில் கிடந்த சங்கமித்ராவின் செருப்பை அவள் பக்கம் காலால் தள்ளிவிட்டாள். சாயங்காலம் ஈஜிபுராவில் அப்பாவிடம் சொல்ல வேண்டும். எழுதியதைச் சொல்ல வேண்டும், கைத்தட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாலும் சொல்ல வேண்டும்.

கீழே கட்டிட வாசலில் காவலாளி ரங்கா வழக்கம்போல, "பேக், மேடம்," என்றார். தினமும் பையை லேசாக விரித்துக் காட்டிவிட்டு நடப்பவள் இன்றைக்கு நின்றாள். டிபன் டப்பாவை வெளியே எடுத்தாள். மூடியைத் திறந்து, அவர் மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டினாள்.

"அய்யோ, அதெல்லாம் பேடா மேடம், வேணாம்," என்று ரங்கா பதறி எழுந்தார்.

எலுமிச்சைச் சாதத்தின் கடுகு ஒன்று வருகைப் பதிவேட்டின் மேல் விழுந்து, உருண்டு, மேசை விளிம்பில் போய் நின்றது. அவள் அதற்குள் வாசற்படி இறங்கியிருந்தாள்.