பெட்ஷீட்டின் மறுமுனை

பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று அரசாங்கம் அறிவித்தாலும் அறிவித்தது, அம்சவல்லியை வீட்டில் பிடித்து வைக்க ஆள் இல்லாமல் போயிற்று. மகள் எழிலரசி மன்னார்குடி சலவைக்கடைக்கு ஒரு வாரம் வேலை பழகப் போனால், இவளும் கூடவே ஏறிவிடுவாள். மாமனார் நிலப் போராட்டத்தில் கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய் வாங்கிய நிலத்தில் அப்போது நடவு. "அது பாட்டுக்கு நடக்கும்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

எழிலுக்குப் பதினேழு வயது; ஆட்டிசம். துணி மடிக்கவும் தனியாகப் பஸ் ஏறவும் சிறப்புப் பள்ளியின் அகிலாண்டம் டீச்சர் பழக்கியிருந்தார். கடையில் லாட்ஜ் பெட்ஷீட்டுகளை மடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்கும்போது விரலோடு விரல் படும். அம்மாவைத் தவிர யார் விரல் பட்டாலும் எழிலுக்கு ஆகாது. ஆகவே மறுமுனையை அம்சவல்லியே பிடித்தாள்.

மூன்றாம் நாள் கடைக்காரர் துரைராசு டீச்சரைக் கூப்பிட்டார். "பொண்ணு நல்லாச் செய்யுதுங்க. ஆனா அம்மா இல்லாம செஞ்சாத்தான் வேலைக்கு வச்சுக்க முடியும். நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் அம்சவல்லியும் டீச்சரும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். டீ ஆறி ஏடு கட்டியது. கடையில் வெகுநாளாக வேலை பார்க்கும் ஹமீதா பானு மறுமுனையைப் பிடித்திருந்தாள். அவள் ஓரடி வைத்தால் எழில் ஓரடி பின்னால் போனாள். இப்படியே இருவரும் கடையை ஒரு சுற்றுச் சுற்றினார்கள், துணி மடியவே இல்லை. கடைசியில் எழில் சுவரில் முட்டிக்கொண்டு, துணியும் கையுமாகக் காதைப் பொத்தினாள்.

அம்சவல்லி எழுந்துவிட்டாள்.

"உக்காருங்க. நீங்க உள்ள போனா இன்னியோட வேலை போச்சு" என்றார் டீச்சர்.

ஹமீதா தன் முனையை மேசைமேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றாள். "நீயே எடுத்துக்கடி தங்கம், நான் கிட்ட வரல" என்று அவள் சொன்னது தெரு வரைக்கும் கேட்டது. எழில் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தாள். பிறகு வந்து அந்த முனையை எடுத்து, தன் முனையோடு சேர்த்து மடித்தாள். அடுத்ததும் அப்படியே. சாயங்காலத்துக்குள் மேசை நிறைந்துவிட்டது.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து வரச் சொல்லுங்க டீச்சர்" என்றார் துரைராசு.

அம்சவல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் பெற்ற மனசு கேட்குமா? "மொத நாள் மட்டும் அம்மா ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்டி" என்றாள் பஸ் ஸ்டாண்டில்.

எழில் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீ வேணாம்மா. ஒனக்கு மடிக்கத் தெரியல. கோணலாப் பிடிக்கிற."

அம்சவல்லிக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். மகள் தன்னை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வலித்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.