வேனுக்குப் பின்னால் ஒரு சுவர்

வேனின் முன்பலகையில் மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. அந்த வாரத்தில் நான்காவது முறை. வேன்காரர் அதைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார், பிறகு ஒரு துண்டுக் கறுப்பு டேப்பைக் கிழித்து விளக்கின் மேலேயே ஒட்டிவிட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தப் பூனைக்கு வேன் ஓட்டத் தெரிந்தால் இதைத்தான் செய்திருக்கும்.

அந்த விளக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. புகைக்குழாயில் இருக்கும் ஃபில்டரில் கரி சேர்ந்துவிட்டது, இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால் ஃபில்டர் தானே சூடாகி அதை எரித்துக்கொள்ளும் என்றுதான் சொன்னது. ஆனால் அவருடைய பிழைப்பு பள்ளிக்கூட வேன். தெருவுக்குத் தெரு நின்று இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்ற வேண்டும். கரி எரியத் தொடங்கும் நேரத்தில் எஞ்சினை அணைப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

எரிபொருளிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தார். பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து பயோடீசல் காய்ச்சி மலிவாக விற்கும் ஒரு ஷெட்டுக்காரரைப் பிடித்து, பாதிக்குப் பாதி கலந்து ஓட்டினார். அதற்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. எஞ்சின் ஆயில் குறையவே இல்லை; அளக்கும் கம்பியில் மாதா மாதம் ஏறியது. இதை அவர் வீட்டில் பெருமையாகச் சொன்னபோது, "பால் பொங்கிப் பாத்திருக்கேன், ஆயில் பொங்குறத இப்பத்தான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு மனைவி துணி மடிக்கப் போய்விட்டார்.

இப்போது வண்டி பாலம் ஏறவே முக்கியது. திங்கட்கிழமை பள்ளியில் எல்லா வேன்களுக்கும் புகைச் சோதனை. தேறாத வண்டியின் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பதினோரு வருடமாக அந்த வேன்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

வியாழக்கிழமை தங்கையின் கணவரிடம் போனார். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் இருந்தது. ஃபில்டரை வெட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டித் தரச் சொன்னார்; அடைப்பு போனால் வண்டி இழுக்கும் என்பது அவர் கணக்கு. மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "வெட்ட மாட்டேன் மச்சான். ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க, என்ன கோளாறுன்னு பாக்குறேன்."

மாப்பிள்ளையைத் திட்ட முடியாது. அதனால் வீட்டுக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டுத் திட்டினார். சொந்தக்காரனுக்கு உதவாத நேர்மை எதற்கு என்று கேட்டார். தங்கை பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா அண்ணா என்று விசாரித்தாள்.

மாப்பிள்ளை இல்லாவிட்டால் ஊரில் ஆளா இல்லை? பள்ளியில் அவருக்குப் பக்கத்தில் வேன் நிறுத்தும் ஓட்டுநருக்கு 'அவசரம்' என்றே பெயர். எதிலும் அவ்வளவு அவசரம். அவர் இரண்டு வருடத்துக்கு முன்பே ஃபில்டரை வெட்டிவிட்டார். வெட்டுகிற கடைக்காரரே விளக்கையும் அணைத்துத் தருவார், கவனிக்க வேண்டியவரைக் கவனித்துப் புகைச் சான்றிதழும் வாங்கித் தருவார். சனிக்கிழமை காலை வரச் சொல்லி அவசரமே நேரமும் வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் வேன்காரர் சீக்கிரமே பள்ளிக்கு வந்துவிட்டார். வேன்களைப் பின்புறம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துவது அங்கே வழக்கம். பிள்ளைகள் அந்தச் சுவரோரம் வரிசையில் நின்று ஏறுவார்கள். ஓட்டுநர்கள் முன்னால் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பார்கள். அன்று வண்டிக்குப் பின்னாலிருந்து பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தார். பள்ளி ஆயாம்மா வாளியோடு குனிந்து சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரே நாளில் வெள்ளையடித்த சுவர் அது. அவசரத்தின் வேனுக்குப் பின்னால் அது கறுத்துக் கிடந்தது. இவருடைய வேனுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. நடுவில் கோடு கிழித்ததுபோல இருந்தது.

ஆயாம்மா நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்களுக்குத்தான் தம்பி நன்றி சொல்லணும். உங்க பக்கம் ஒருநாளும் நான் தேய்ச்சதில்ல. சின்னப் புள்ளைங்களையும் உங்க வண்டி பக்கமா ஒதுக்கித்தான் நிக்க வைப்பேன். அந்தப் பக்கம் நின்னா இருமுதுங்க. நீங்க நல்லா இருக்கணும்."

தான் வெட்டச் சொன்ன ஃபில்டர்தான் அந்த வெள்ளைக்குக் காரணம் என்று வேன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கறை எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தார். அவருடைய இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அந்த உயரத்தில் யாருடைய முகம் இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் அவர் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிற பிள்ளைகளின் முகங்கள். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட அவர் தன் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றதில்லை. செய்யாத நல்லதற்கு வாழ்த்து வாங்கிக்கொண்டு, நாளைக் காலை அதையும் கெடுக்க நேரம் வாங்கி வைத்திருக்கிறோமே என்று நினைத்து வெட்கப்பட்டார்.

சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டார். மாப்பிள்ளை வண்டியில் ஏறி, டேப்பை உரித்துப் போட்டார், அளக்கும் கம்பியை உருவி ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்தார். அவர் முகம் மாறியது.

"இது ஆயில் இல்ல மச்சான். பாதி டீசல். ஃபில்டர் சூடாகணும்னு எஞ்சின் டீசல கூடுதலா விடும். நீங்க நடுவுல அணைக்க அணைக்க அது வழிஞ்சு ஆயில்ல இறங்கியிருக்கு. பயோடீசல் லேசுல ஆவியாகாது, அப்படியே தங்கிடும். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா பாலத்து மேலயே எஞ்சின் இறுகி நின்னிருக்கும். உள்ள பிள்ளைங்களோட."

வேன்காரர் அங்கிருந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெட்டுகிற கடைக்காரர் கம்பியை உருவிப் பார்த்திருக்க மாட்டார். அப்படியானால் பயோடீசலே கெடுதலா என்று மெல்லக் கேட்டார். பயோடீசல் மேல் பழி போடாதீர்கள் என்றார் மாப்பிள்ளை. ஒழுங்காகக் கழுவி வடித்ததை அளவாகக் கலந்தால் கரி குறைவாக வரும், வந்த கரியும் ஃபில்டரில் சுலபமாக எரியும். ஷெட்டுக்காரர் கழுவாமல் விற்கிறார். காய்ச்சும்போது சேர்க்கிற காரத்தின் உப்பு அதில் தங்கி, எரியாமல் ஃபில்டரில் சாம்பலாக அடைத்துக்கொள்கிறது. அதோடு, இந்த எஞ்சினுக்குப் பாதிக்குப் பாதி என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். ஃபில்டரைக் கழற்றிச் சாம்பலை வெளியேற்றி, ஆயிலை மாற்றி, டாங்கைக் கழுவினார்கள். தங்கை சாப்பாடு கொண்டுவந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய் வராமல், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை சோதனைக்கு வந்தவர் சான்றிதழ் எதையும் கேட்காமல் புகைக்குழாய்க்குள் வெள்ளைத் துணியைச் சுற்றி எடுத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. அடுத்தது தன்னுடைய வண்டி என்பதால் அவசரம் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, எந்தக் கடையில் வேலை முடிந்தது என்று காதில் கேட்டார்.

வேன்காரர் அவர் தோளில் கைபோட்டு அவசரத்தின் வேனுக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஆயாம்மா பாதி தேய்த்து விட்டிருந்த சுவர் அங்கே இருந்தது. கீழே கிடந்த பிரஷை எடுத்துக்கொண்டு வேன்காரரே குந்தி உட்கார்ந்தார்.

"நான் தப்பிச்சது என் புத்தியால இல்லண்ணே. மாட்டேன்னு சொல்ல ஒரு மாப்பிள்ளையும், நன்றின்னு சொல்ல இந்த அம்மாவும் இருந்தாங்க, பிழைச்சேன். நாம விடுற புகை நம்ம மூஞ்சில அடிக்கிறதில்ல, பின்னால நிக்கிற புள்ளைங்க மூஞ்சிலதான் அடிக்குது. அதனாலதான் நமக்கு அது தப்பாவே தெரியல. வண்டிக்குச் சான்றிதழ் ஆபீஸ்ல இல்லண்ணே, இந்தச் சுவத்துலதான் இருக்கு."

அவசரம் அன்று அவசரப்படாமல் குனிந்து அந்தக் கறையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, மாப்பிள்ளையின் ஒர்க்‌ஷாப் எந்தப் பக்கம் என்று கேட்டார்.