ஒரு மண்வெட்டி, மூன்று தீர்ப்பு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. நிலத் தகராறு ஒன்றில் சாட்சி சொல்வதற்காகத் திண்டுக்கல் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வாய்தா போட்டுவிட்டார்கள். எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். அங்கே, மழை வருமா வராதா என்று பேசுவதுபோல், இன்றைக்கு எந்த மாஜிஸ்திரேட், எத்தனை மாதம் விழும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கண்டிப்பான மாஜிஸ்திரேட் உட்காரும் நாட்களில் தாலுகா முழுவதும் வயிற்றுவலி பரவுமாம். அவர் லீவில் போனால் எல்லோருக்கும் குணமாகிவிடுமாம்.

அந்தப் பேச்சின் நடுவேதான் ஒருவர் ஒச்சப்பன் விஷயத்தைச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு எழுதினால் கதை கட்டுரையாகிவிடும் என்று தள்ளிப்போட்டேன். இப்போதும் ஆங்காங்கே கட்டுரை தலை நீட்டும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நீதிதேவதையின் கண்களைத் துணியால் கட்டியிருப்பது எதற்காக என்றால்"

வேண்டாம். கன்னிவாடிப் பக்கத்தில் அந்த அம்மாளை யாரும் பார்த்ததில்லை. நேராகவே சொல்கிறேன்.

ஒச்சப்பன் கன்னிவாடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் வெங்காயம் போட்டிருந்தவர். அடுத்த வயல் சோலைமலையுடையது. சோலைமலையின் உடன்பிறந்த தங்கை முத்துப்பேச்சிதான் ஒச்சப்பனின் மனைவி. ஒச்சப்பன் மகன் ராமருக்குச் சோலைமலை மகள் பொன்னழகு என்று பேசி, பூவும் வைத்தாகிவிட்டது.

1957இல் மழை ஏமாற்றியது. கண்மாயில் கிடந்த தண்ணீருக்கு ஊரில் முறை வைத்தார்கள். இவர்கள் முறை வருவதற்குள் வெங்காயத் தாள் மஞ்சளடித்துவிட்டது. ஒரு விடிகாலையில் மைத்துனர்கள் இருவரும் போய் மடையை வெட்டித் திறந்தார்கள். மண்வெட்டி ஒன்றுதான். சோலைமலைக்கு மூச்சு வாங்கியபோது ஒச்சப்பன் வாங்கிக்கொண்டார். ஒச்சப்பனுக்குக் கை ஓய்ந்தபோது சோலைமலை. கண்மாய்க் காவல்காரர் ஆட்களோடு வந்து பிடித்த நேரத்தில் அது யார் கையில் இருந்தது என்பது இருவருக்குமே நினைவில்லை.

[சோலைமலை கையில் இருந்ததாக நான் எழுதிவிடலாம். பின்னால் வரப்போவதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். அதனாலேயே எழுதவில்லை.]

3

கோர்ட்டில் மறைக்காமல் ஒப்புக்கொள்வது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் வழக்கு நாளன்று ஒச்சப்பன் அம்மை வார்த்து வேப்பிலைப் படுக்கையில் கிடந்தார். அவர் வழக்கைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, சோலைமலையை மட்டும் கூண்டில் ஏற்றினார்கள்.

"ஆமாங்கய்யா, வெட்டுனோம்" என்றார் சோலைமலை.

பஞ்ச காலத்தில் பொதுத் தண்ணீரைத் திருடுவது ஊரின் உயிரைத் திருடுவது என்று மாஜிஸ்திரேட் சொன்னார். எட்டு மாதம் கடுங்காவல். மதுரை ஜெயில்.

அந்த மாஜிஸ்திரேட்டுக்கு மாற்றல் வந்தது. ஒச்சப்பன் தலைக்குத் தண்ணீர் விட்டு, முகமெல்லாம் தழும்போடு கோர்ட்டுக்குப் போனபோது அதே நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் சீட்டுக் கட்டிய அதே மண்வெட்டி. ஒச்சப்பனும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். கண்ணெதிரே பயிர் காய்ந்தால் குடியானவன் என்ன செய்வான் என்று புது மாஜிஸ்திரேட் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், கோர்ட் கலையும் வரை நிற்கும்படி தண்டனை விதித்தார்.*

ஒச்சப்பன் மூலையில் கைகட்டி நின்றார். சாயங்காலம் சேவகர் வந்து, போகலாம் என்றார். ஜெயிலுக்குப் போகிற வண்டி எங்கே நிற்கும் என்று ஒச்சப்பன் கேட்டார். சேவகர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டினார்.

(* இரண்டு மாஜிஸ்திரேட்டுகளும் நேர்மையானவர்கள். ஒருவரை லஞ்சம் வாங்குபவராக மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது. கிழித்துப் போட்டேன்.)

4

ஊருக்குள் கால் வைத்த நேரத்திலிருந்து ஒச்சப்பனுக்குத் தண்டனை ஆரம்பித்தது. அவருக்கு வந்தது அம்மையே இல்லை, வக்கீல் சொல்லிக் கொடுத்த நடிப்பு என்று பேச்சு கிளம்பியிருந்தது. முகத்துத் தழும்பைக்கூட யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. சோலைமலை மனைவி அய்யம்மாள் அவரைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஒச்சப்பன் அந்த வயலுக்கும் சேர்த்துக் களை எடுக்கப் போனார். வரப்பிலேயே நிறுத்தி, "எங்க கஷ்டத்த நாங்களே பாத்துக்குறோம்ணே" என்று அனுப்பிவிட்டாள்.

வீட்டிலோ வேறு கதை. முத்துப்பேச்சி சம்பந்தத்தை முறித்தாள்.

"செயிலுக்குப் போன வீட்ல எப்படிப் பொண்ணெடுக்க?"

"அது ஒன் அண்ணன் வீடு. நானுந்தான வெட்டுனேன்."

"தப்புப் பண்ணுனவன எந்தக் கோர்ட்டு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பும்?"

தண்டனையின் அளவை வைத்து மனிதனின் அளவைக் கணக்கிடுவது முத்துப்பேச்சி கண்டுபிடித்ததா என்ன? அந்த வருஷம் ஊரே அப்படித்தான்

(கட்டுரை. நிறுத்திவிட்டேன்.)

ராமரை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஒரு பிரதியில் தாயை எதிர்த்துப் பேச வைத்தேன். என்னாலேயே நம்ப முடியவில்லை. அவன் வாயைத் திறக்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அப்படியே இருக்கட்டும்.

5

தனக்கும் எட்டு மாதம் வாங்கித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒச்சப்பன் திண்டுக்கல் வக்கீல் அருள்நாதனிடம் போய் நின்றார். வக்கீலின் அனுபவத்தில் இப்படி ஒரு கட்சிக்காரர் வந்ததில்லை. அதற்குச் சட்டத்தில் வழியில்லை என்று விளக்கினார். குறைந்தபட்சம் இவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. மேல் எல்லைக்குள் நீதிபதி விருப்பம்போல் விதிக்கலாம். ஆகவே இரண்டு தீர்ப்பும் சரிதான்.

"ரெண்டும் சரின்னா, நான் ஊர்ல போயி எதச் சொல்லட்டும்யா?"

அருள்நாதன் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஒரு வழி சொன்னார். சோலைமலைக்காக மதுரையில் அப்பீல் போடலாம். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்று கேட்கலாம். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது.

"பெரிய கோர்ட் அவருக்குக் குறைக்கலாம். இல்லே, உங்களுக்குப் போட்டது ரொம்பக் குறைச்சல்னு கிளறவும் ஆரம்பிக்கலாம். யோசிச்சு வாங்க."

ஜெயிலைக் கேட்டு வந்த மனிதர், ஜெயில் நிஜமாகவே வரலாம் என்றதும் பயந்துபோனார். இதை மறைக்க எனக்கு ஆசைதான். மறைத்தால் அவர் ஒச்சப்பனாக இருக்கமாட்டார். வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். முத்துப்பேச்சி அழுதாள், தாலி மேல் சத்தியம் வாங்கப் பார்த்தாள். அவர் சத்தியம் செய்யவில்லை. மறுபடி பஸ் ஏறி வக்கீலிடம் வந்து, "போடுங்கய்யா. என்னைய இழுத்தாலும் சரி" என்றார்.

6

மதுரை நீதிபதி இரண்டு தீர்ப்புகளையும் படித்தார். ஒரே மண்வெட்டிக்கு இப்படி இரண்டு அளவுகோல் இருப்பது நீதிக்கே இழுக்கு என்று வருத்தப்பட்டார். எட்டு மாதம் அதிகம் என்றார். கோர்ட் கலையும் வரை என்பது மிகவும் குறைவு என்றார். ஒச்சப்பன் பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அந்தத் தண்டனைமேல் அப்பீல் எதுவும் தன் முன்னால் இல்லை என்று நீதிபதி நகர்ந்துவிட்டார். அளவு ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கொள்கையின்படி, சோலைமலைக்கு நாலு மாதம் என்று மூன்றாவதாக ஓர் அளவைப் போட்டார்.

அப்போது சோலைமலை ஐந்தாவது மாதத்தை முடித்திருந்தார்.

ஜெயில் வாசலில் ஒச்சப்பன் காத்திருந்தார். வெளியே வந்தவர் இளைத்திருந்தார். முகத்தை ஏறிட்டுப் பார்க்க ஒச்சப்பனுக்குத் தைரியம் வரவில்லை.

"இவரு எம்புட்டுப் போட்டாரு?"

"நாலு மாசம், மச்சான்."

சோலைமலை விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப ஒரு மாசம் கூடத்தான இருந்துட்டேன்."

"ஆமா."

"அத ஓம்பேர்ல எழுதிக்க மாப்ளே."

சிரிக்கத்தான் நினைத்தார் ஒச்சப்பன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜெயில் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்திருக்கும் வரை சோலைமலை பக்கத்திலேயே நின்றார். பிறகு இருவரும் திண்டுக்கல் பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தார்கள்.

7

இங்கேயே முடித்திருக்கலாம். முத்துப்பேச்சி விடவில்லை.

பெரிய கோர்ட்டே பாதியாகக் குறைத்துவிட்டதால் அண்ணனின் மானமும் பாதி திரும்பிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். வெற்றிலை பாக்குத் தட்டோடு சோலைமலை வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். ஆண்கள் இருவரும் வயலில் இருந்தார்கள். அய்யம்மாள் மகளைக் கூப்பிட்டு, நீயே பதில் சொல் என்றாள். இத்தனை மாதத்தில் பொன்னழகை ஒருவர்கூட எதுவும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கதையில் அவளுக்கு இது முதல் வசனம்.

"அத்தை, இந்தத் தட்டு எங்கப்பாவுக்கா, அந்தத் தீர்ப்புக்கா?"

முத்துப்பேச்சி தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

அதற்கு மேல் என் பேனா ஓடவில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி டீச்சரிடம் கொடுத்து முடிக்கச் சொன்னேன். தையில் கல்யாணத்தை முடித்து, ராமரை ஒரு வரி பேசவும் வைத்துவிட்டார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஸ்தனிஸ்லாஸிடம் கொடுத்தேன். தட்டைத் திருப்பி அனுப்பியதோடு முத்துப்பேச்சியை ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். படித்தது ஒரே கதைதான்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. நீங்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை முத்துப்பேச்சி தட்டும் கையுமாக வெயிலில் நிற்பாள். செத்த நேரம் நிற்கட்டும்.